வாசகர் கேள்வி – பதில்: ஜட்ஜா, ராலியா?

2025ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக் பேஸ்பாலின் எம்.வி.பி. விருது, அதாவது அந்த லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான விருது, நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜுக்குக் கிடைத்தது முறையே என்று சென்ற இதழில் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கும் மறுப்புகளும் துணைக்கேள்விகளும் விரிவான பதிலுக்கு உரியவை. ஆகவே இந்த இதழில் இப்பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கீழக்கரை வாசகி ஒருவர்: ஐயா, என் மகன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். அங்கே மாலையில் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழு மணிக்கு மேல் வருவதால், மரைனர்ஸ் அணியின் ஆட்டங்களை அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்க்கப் பழகிவிட்டேன். நாள்தோறும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்து பிடித்துக்கொண்டே அறுபது ஹோம் ரன்னும் அடித்த மரைனர்ஸ் கேட்ச்சர் கால் ராலிக்குத் தராத விருதை வேறு யாருக்குத் தருவது நியாயம்?

உங்கள் வாதத்தில் வலுவாக உள்ள பகுதியை முதலில் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், அம்மா. கேட்ச்சர் ஒருவர் ஒரே சீசனில் அடித்த ஹோம் ரன்களில் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போலப் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடிகளில்) அதுவரை மிக அதிகமானது 2021இல் சால்வடோர் பெரெஸ் அடித்த 48 ஆகும். இரு கையாலும் மட்டை பிடிப்பவர்களில் மிக்கி மேன்டில் 1961இல் அடித்த 54 அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற சாதனை. ராலி இரண்டையும் ஒரே ஆண்டில் கடந்தார். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நாம் கேட்ச்சரை விக்கெட் கீப்பர் என்று எண்ணிக்கொள்வோம். ஆனால் அவருடைய பொறுப்பு அதைவிடப் பெரியது. எந்தப் பந்தை எங்கே வீசுவது என்பதைப் பந்து வீசும் பிட்ச்சரோடு சேர்ந்து ஒவ்வொரு பந்துக்கும் முடிவு செய்பவர் அவர். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து மட்டையின் விளிம்பில் உரசித் திசை மாறும்போது தோளிலும் முகக்கவசத்திலும் வாங்கிக்கொள்பவரும் அவரே. அப்படிப்பட்ட இடத்துக்குரிய ஒருவர் 162 ஆட்டங்களில் 159இல் களமிறங்கினார் என்பதும், மரைனர்ஸ் 2001க்குப் பிறகு முதல் முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது என்பதும் சாதாரணச் செய்திகள் அல்ல.

இருந்தும் நான் ஜட்ஜின் பக்கம் நிற்பதற்குக் காரணம், ஹோம் ரன் எண்ணிக்கை சொல்லாத ஒன்றை நான் பெரிதாக மதிப்பதுதான். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸிலும் சேர்த்து 27 அவுட்டுகள்தாம் கையிருப்பு. அந்தக் கையிருப்பைச் செலவழிக்காமல், அடித்தோ, நான்கு தவறான பந்துகளுக்குப் பொறுமையாகக் காத்திருந்து நடந்தோ, முதல் பேஸை, அதாவது ஓட்டம் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களில் முதலாவதை, எட்டுகிற பேட்டர் தனக்கு அடுத்து வருபவருக்கும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 2025இல் ஜட்ஜ் நூறு தடவை மட்டை பிடித்தால் ஏறத்தாழ 46 தடவை பேஸை எட்டினார். ராலி ஏறத்தாழ 36 தடவை. சீசன் முழுவதற்கும் கணக்கிட்டால் அந்தப் பத்து தடவை வேறுபாடு அறுபதுக்கும் மேற்பட்ட அவுட்டுகளாகப் பெருகுகிறது. அடித்த ஹோம் ரன்களிலோ ஜட்ஜ் 53, ராலி 60; ஏழே வேறுபாடு. அடித்தே பேஸை எட்டிய விகிதமான பேட்டிங் சராசரியில் ஜட்ஜ் .331, ராலி .247. ஏழு ஹோம் ரன் கூடுதலாக அடித்ததைக் கொண்டு அறுபதுக்கு மேற்பட்ட அவுட்டுகளை ஈடுகட்ட முடியாது என்பதே என் முடிவு.

கேட்ச்சராக ராலி மிச்சப்படுத்திய ஓட்டங்களை அதோடு சேர்க்க வேண்டாமா என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். கட்டாயம் சேர்க்க வேண்டும். ஓரத்தில் வரும் பந்தை நடுவர் ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் சரியான பந்து) என்று அறிவிக்கும்படி கையுறையை அசையாமல் நிறுத்தி வாங்கும் திறமை கேட்ச்சருக்கே உரியது. அந்தத் திறமைக்கு மதிப்பெண் போடும் ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் கணக்கில் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் நன்றாகக் குறைகிறது. அதைச் சேர்க்காத பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில் தூரம் அதிகம். நான் முதல் கணக்கையே நம்புகிறேன். அதிலும் ஜட்ஜ்தான் முன்னே நிற்கிறார். ராலி நூற்றுக்கு நாற்பது தடவை பேஸை எட்டியிருந்தால் என் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருந்திருக்கும்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்ல முடியும். வாக்களித்த 30 பேரில் 17 பேர் ஜட்ஜையும் 13 பேர் ராலியையும் முதலிடத்தில் எழுதினார்கள். இறுதிப் புள்ளிகள் 355க்கு 335. முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9 புள்ளி என்று போட்டுப் பாருங்கள்: இருவரில் ஒருவரை முதலில் எழுதிய ஒவ்வொருவரும் மற்றவரை இரண்டாவதாகவே எழுதியிருக்கிறார்கள். ராலியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியவர் ஒருவர்கூட இல்லை.

இராமேஸ்வரம் வாசகர்: இந்த வாக்காளர்கள் யார்? பழைய ஆட்டக்காரர்களா, அணி முதலாளிகளா?

இருவரும் அல்லர். 1931 முதல் இவ்விருதைத் தீர்மானித்து வருவது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். ஒரு லீகில் 15 அணிகள். ஒவ்வோர் அணியின் ஊருக்கும் அந்த ஆட்டங்களை எழுதும் பத்திரிகையாளர் இருவர் வீதம் 30 பேர் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலிடத்துக்கு 14, பின்னர் 9, 8, 7 என்று இறங்கிப் பத்தாம் இடத்துக்கு 1 புள்ளி. சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் இறுதிச் சுற்றுகள் தொடங்குமுன்னே வாக்குகள் பெறப்பட்டு, நவம்பரில் முடிவு அறிவிக்கப்படுகிறது. ஆகையால் அக்டோபரில் ஒருவர் எவ்வளவு அற்புதமாக ஆடினாலும், எவ்வளவு தடுமாறினாலும், இந்த விருதில் அதற்கு இடமில்லை. இறுதித் தொடருக்கென்று 1955 முதல் தனி விருது உண்டு.

தொண்டி, ஓய்வு பெற்ற கப்பல் பணியாளர்: அமெரிக்கத் துறைமுகங்களில் நின்றபோதெல்லாம் இந்த விளையாட்டைப் பார்த்தவன் நான். தோற்ற அணியில் ஒருவர் எவ்வளவு ஆடி என்ன பயன்? படகு நிறைய மீனோடு கரைக்கு வந்தால்தான் அந்தப் படகின் டிரைவருக்குப் பெயர். கடைசி இடத்தில் நின்ற அணியின் ஆட்டக்காரருக்கு விருது கொடுப்பது சரியா, ஐயா?

இந்தக் கேள்வியில்தான் இவ்விருதைப் பற்றிய தொண்ணூறு ஆண்டு வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன படகையே எடுத்துக்கொள்கிறேன். அன்றைய மீன்பாடு கடலையும் வலையையும் உடன் சென்றவர்களையும் பொறுத்தது. டிரைவர் எவ்வளவு திறமையானவர் என்று பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டால், கரைக்கு வந்த கூடைகளை எண்ணி மட்டும் அவர் பதில் சொல்ல மாட்டார். பேஸ்பாலில் அணியில் உள்ள மற்றவர்களின் பங்கு இன்னும் பெரியது. ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிப்பதால், மிகச் சிறந்த பேட்டருக்கும் ஓர் ஆட்டத்தில் நான்கு அல்லது ஐந்து வாய்ப்புகள்தாம். பந்து வீசுபவர்களை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவதும் அவர் அல்லர்.

இதில் என் கருத்து தனிப்பட்ட விருப்பம் மட்டும் அன்று. வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் கடிதத்திலேயே, மதிப்பு என்பதற்குத் திட்டவட்டமான வரையறை இல்லை, அதை ஒவ்வொரு வாக்காளரும் தாமே தீர்மானிக்க வேண்டும் என்றும், விருது பெறுபவர் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்ற அணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டத்திறன், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, குணநலனும் உழைப்பும் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு அக்கடிதம் கேட்கிறது. பட்டியலில் அணியின் இடம் அவற்றில் ஒன்றன்று.

ஆயினும் அந்தக் காலத்து வாக்காளர்கள் உங்களைப் போலவே எண்ணினார்கள். சராசரி, ஹோம் ரன், அடித்து உள்ளே கொண்டுவந்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் லீகில் முதலாவதாக வருவது மும்முடி எனப்படும் அரிய சாதனை. 1934இல் லூ கெரிக் மும்முடி பெற்றார். விருதோ லீகை வென்ற டெட்ராய்ட் அணியின் மிக்கி கோக்ரனுக்குப் போயிற்று. அந்த ஆண்டு கெரிக்கின் ஹோம் ரன்கள் 49, கோக்ரனுடையவை 2. கெரிக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். டெட் வில்லியம்ஸ் 1942இல் மும்முடி பெற்றபோது விருது யாங்கீஸின் ஜோ கார்டனுக்கு. 1947இல் மறுபடியும் மும்முடி பெற்றபோது யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்கு, அதுவும் 202க்கு 201 என்று ஒரே புள்ளியில். அந்த 1947 ஆண்டுக் கணக்கை ஒருமுறை பாருங்கள்: வில்லியம்ஸ் .343, ஹோம் ரன் 32, டிமாஜியோ.315, ஹோம் ரன் 20. யாங்கீஸ் லீகை வென்றது என்பதைத் தவிர அந்த முடிவுக்குக் காரணம் காட்ட என்னால் இயலவில்லை. அதை நான் அநீதி என்றே சொல்வேன்.

பிற்காலத்தில் போக்கு மாறியது. 1987இல் ஆந்த்ரே டாசன், 2003இல் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஆகிய இருவரும் பிரிவில் கடைசி இடம் பெற்ற அணிகளிலிருந்து விருது பெற்றார்கள். இவற்றில் டாசனுக்குத் தந்தது தவறு என்பது என் கருத்து. அவருடைய அணி கடைசியில் நின்றது என்பதனால் அன்று, அதே ஆண்டு.370 அடித்து 56 பேஸ்களைத் திருடிய (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த) டோனி க்வின் அவரைவிட நன்றாக ஆடினார் என்பதனால். க்வினின் அணியும் அவ்வாண்டு தன் பிரிவில் கடைசிதான்! 2021இலும் 2023இலும் ஷோஹேய் ஒட்டானி ஒரு வாக்கும் சிதறாமல் விருது பெற்றபோது, அவருடைய ஏஞ்சல்ஸ் அணி இரண்டு ஆண்டும் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். நமக்குப் பழகிய கிரிக்கெட்டிலும் 2023 உலகக்கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தோற்ற பிறகு, 765 ஓட்டங்கள் எடுத்த விராட் கோலிக்கே தொடர் நாயகன் விருது தரப்பட்டது. அதை யாரும் தவறென்று சொல்லவில்லை.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: வார் (WAR) என்ற எண்ணை வைத்தே இப்போது எல்லோரும் வாதாடுகிறார்கள். அது என்ன? அதைப் பார்த்து விருதைக் கொடுத்துவிட்டால் வாக்கெடுப்பே வேண்டாமே?

ஓர் ஆட்டக்காரரை எடுத்துவிட்டு, கீழ்நிலை லீகிலிருந்து எளிதாகக் கிடைக்கும் சாதாரண மாற்று ஆளை அந்த இடத்தில் நிறுத்தினால், அணி எத்தனை வெற்றிகளை இழக்கும் என்ற மதிப்பீடே அந்த எண். மட்டை, ஓட்டம், தடுப்பு, நிற்கும் இடத்தின் கடினம், மைதானத்தின் அளவு எல்லாவற்றையும் ஓட்டங்களாக மாற்றி, ஓட்டங்களை வெற்றிகளாக மாற்றுகிறார்கள்.

இதன் பயனை 2012இல் கண்டோம். மிகெல் கப்ரேரா .330 சராசரி, 44 ஹோம் ரன், 139 ஓட்டங்களைக் கொண்டுவந்தது என்று 1967க்குப் பிறகு முதன்முதலாக மும்முடி பெற்றார். இருபது வயதில் அந்தச் சீசனைத் தொடங்கிய மைக் ட்ரவுட் .326, 30 ஹோம் ரன், 49 திருட்டு பேஸ், அதோடு வேலிக்கு மேல் எழும்பி ஹோம் ரன்களைத் தடுத்த ஓட்டப்பந்தயக் கால்கள். அப்போதிருந்த 28 வாக்காளர்களில் 22 பேர் கப்ரேராவை முதலில் எழுதினார்கள். வார் கணக்கிலோ ட்ரவுட் பத்துக்கு மேல், கப்ரேரா ஏழளவில். கப்ரேராவின் டெட்ராய்ட் அணி அடுத்த சுற்றுக்குச் சென்றது என்று அன்று பலர் காரணம் சொன்னார்கள். அந்த அணி 88 ஆட்டங்களையும், செல்லாத ஏஞ்சல்ஸ் 89 ஆட்டங்களையும் வென்றிருந்தன. நான் ட்ரவுட்டுக்கே எழுதியிருப்பேன். கப்ரேரா 161 ஆட்டங்கள் ஆடினார், ஏப்ரல் இறுதியில் அணிக்கு அழைக்கப்பட்ட ட்ரவுட் 139 மட்டுமே ஆடினார் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வார் குவிந்து சேரும் எண் ஆகையால், ஆடாத நாட்களின் இழப்பு ஏற்கெனவே அதில் கழிந்துவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வாக்கெடுப்பு வேண்டும். ராலி விஷயத்தில் இரண்டு தளங்கள் இரண்டு வேறு அளவுகளைத் தந்ததை மேலே சொன்னேன். தடுப்பாட்டத்தை அளப்பதில் இன்னும் தெளிவின்மை உண்டு. ஒரு வெற்றிக்கும் குறைவான வேறுபாட்டை அந்த எண்ணைக் கொண்டு தீர்க்க முற்படுவது எண்ணின் மேல் தாங்காத சுமையை ஏற்றுவதாகும். மூன்று வெற்றி வேறுபாட்டைப் புறக்கணிப்பதோ கண்ணை மூடிக்கொள்வதாகும்.

மண்டபம் வாசகர்: ஜட்ஜுக்கு இது மூன்றாவது விருது, ஒட்டானிக்கு நான்காவது. புதியவர்களுக்கு வழிவிட வேண்டாமா?

வழிவிட்ட காலம் ஒன்று இருந்தது. 1920களில் அமெரிக்கன் லீக் தந்த விருதை ஒருவர் ஒரு முறைதான் பெறலாம். 1923இல் பெற்றுவிட்ட பேப் ரூத், 1927இல் 60 ஹோம் ரன் அடித்தும் போட்டியிலேயே இல்லை. அந்த விதியை நீக்கியது நல்லதே. இவ்வாண்டின் சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு, சென்ற ஆண்டு யார் பெற்றார் என்பது விடையாகாது.

ஏர்வாடி வாசகி: குணநலனையும் பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறதே, ஊக்கமருந்து உண்டவரிடமிருந்து விருதைத் திரும்பப் பெற்றிருக்கிறார்களா?

இல்லை. 1996இல் மற்றொரு லீகான நேஷனல் லீகின் விருதை ஒருமனதாகப் பெற்ற கென் கேமினிட்டி, அந்த ஆண்டு ஸ்டீராய்டு பயன்படுத்தியதை 2002இல் தாமே வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் பட்டியலில் அவர் பெயரே உள்ளது.

பாம்பன் வாசகர்: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த 61 நாளும் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து கைப்பேசியில் பேஸ்பால் பார்த்தோம். ஆட்டத்தை ஆட்டுவிப்பவர் பிட்ச்சர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிட்ச்சருக்கு ஏன் இந்த விருது அபூர்வமாகவே கிடைக்கிறது?

ஐந்து நாளைக்கு ஒரு முறை ஆடுபவரை நாள்தோறும் ஆடுபவரோடு ஒப்பிடலாமா என்ற தயக்கமும், பிட்ச்சர்களுக்கென்று 1956 முதல் சை யங் விருது தனியே இருப்பதும் காரணங்கள். முதல் காரணத்தை நான் ஏற்பதில்லை. சீசன் முழுவதும் ஆடும் பேட்டர் ஏறத்தாழ 700 தடவை மட்டை பிடிக்கிறார். 2011இல் விருது பெற்ற பிட்ச்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் எதிர்கொண்ட பேட்டர்கள் 950க்கும் அதிகம். களத்தில் நின்ற நாள் குறைவு. ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்த தருணங்கள் குறைவல்ல. இரண்டாவது காரணமும் நிற்காது, ஏனெனில் பிட்ச்சரும் தகுதியுடையவரே என்று வாக்காளர் கடிதம் வெளிப்படையாகச் சொல்கிறது.

இந்தத் தயக்கத்தால் நேர்ந்தவற்றில் என்னை மிகவும் வருத்துவது 1999ஆம் ஆண்டு முடிவு. பாஸ்டனின் பெத்ரோ மார்ட்டினெஸ் 23 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்று, 313 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். பேட்டர்கள் ஓட்டங்களைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 2.07 ஓட்டம். முதலிட வாக்குகள் அவருக்கே அதிகம்: எட்டு. வென்ற ஐவன் ரோட்ரிகஸுக்கு ஏழு. ஆனால் இரண்டு வாக்காளர்கள் பெத்ரோவின் பெயரைப் பத்து இடங்களில் எங்குமே எழுதவில்லை. மொத்தப் புள்ளிகள் 252க்கு 239 ஆயின. ஒருவரை முதலிடத்தில் எழுதாமலிருப்பது கருத்து வேறுபாடு. அந்த ஆண்டின் பத்துச் சிறந்தவர்களில் பெத்ரோ இல்லை என்று எழுதுவது, கொடுக்கப்பட்ட விதியை ஏற்க மறுப்பது.

தங்கச்சிமடம், வாலிபால் போட்டி நடத்தும் இளைஞர்கள்: எங்கள் ஊர்ப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் பரிசு எப்போதும் கோப்பை வென்ற அணிக்கே போகிறது, ஒவ்வோர் ஆண்டும் சண்டை. பேஸ்பால் முறையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாமா?

மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பிகளே. வாக்குகளை இறுதி ஆட்டத்துக்கு முன்பே வாங்கி உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள். கோப்பையின் பளபளப்பு கணக்கில் கலக்காது. இறுதி ஆட்டத்துக்கு வேண்டுமானால் தனிப் பரிசு வையுங்கள். ஒரே ஒரு சிறப்பு விருந்தினரிடம் முடிவை விடாமல், பங்கேற்கும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆட்டம் தெரிந்த இருவரை நியமித்து, ஆளுக்கு ஐந்து பெயர் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே புள்ளி வேறுபாடு சற்றுப் பெரிதாக இருக்கட்டும். தோற்ற அணியின் ஆட்டக்காரரும் பரிசுக்கு உரியவர் என்பதைப் போட்டி அறிவிப்பு நோட்டீஸிலேயே அச்சிட்டுவிடுங்கள், போட்டி முடிந்த பின் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். பரிசளிப்பின்போது யார் யாருக்கு எந்த இடம் கொடுத்தார் என்பதையும் ஒலிபெருக்கியில் வாசியுங்கள். பேஸ்பால் எழுத்தாளர் சங்கமும் இப்போது ஒவ்வொரு வாக்காளரின் பட்டியலையும் பெயரோடு வெளியிட்டு வருகிறது.